அபூ இயாஸ் காப்பி குடித்த விதம்

அல்லாஹ் மீது ஆணை, என் வலது கண் மீது ஆணை, இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது, அதன்மேல் சத்தியம் செய்தால் செல்லாது, நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது, இருந்தால் இந்தக் கூடத்தின் கூரை இப்போதே என் தலையில் விழட்டும். விழவில்லை, பார்த்தீர்களா? யாரிடம் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். என் மண்டைக்குள் ஒரு ஆள் எந்நேரமும் சம்மணம் போட்டு உட்கார்ந்து அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அவரிடம்தான் சொல்கிறேன், இன்றைக்கு வேறு யாரிடமும் சொல்ல முடியாது, வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ராணுவம் போட்ட உத்தரவாக இருந்தால் சந்தோஷமாக மீறியிருப்பேன். போட்டது என் மகன் இயாஸ். அவனுக்குப் பெண் கேட்டு வடக்கே எங்கள் கஃபர் ஸுமாக்கிலிருந்து சாவடி சாவடியாக நின்று, அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி, தெற்கே கலீல் நகரத்துக்கு வந்து, பெண் வீட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம். ஜாஹா என்போம் இதை, பெண் கேட்கப் போகிற பெரியவர்கள் கூட்டம். எல்லோர் முன்னாலும் சின்னஞ்சிறு கோப்பையில் காப்பி வைத்துவிட்டார்கள். சர்க்கரை கிடையாது, ஏலக்காய் மட்டும், அந்த வாசனை மூக்கு வழியே ஏறி நேற்று இரவிலிருந்து காப்பி குடிக்காத என் உச்சந்தலையில் தட்டுகிறது. ஆனால் குடிக்கக் கூடாது. எங்கள் கூட்டத்துக்குப் பேச வந்தவர் கோப்பையைத் தொட்டுவிட்டுக் கீழே வைத்து, “நாங்கள் கேட்டு வந்தது கிடைக்காமல் உங்கள் காப்பியைக் குடிக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டுப் பெரியவர் “பெண் உங்களுடையவள், காப்பியைக் குடியுங்கள்” என்று சொல்லும்வரை ஒருவரும் தொடக் கூடாது. முன்னால் குடிப்பவன் மனிதனே இல்லை. அப்படி ஒருவன் குடித்ததாக நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. கேள்விப்படாததையும் சொல்கிற நானே சொல்கிறேன்.

பேச வந்தவர் உஸ்தாத் ஜவ்தத். பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர், வாக்கியத்தை எங்கே தொடங்கினாரோ அங்கேயே கொண்டுவந்து முடிப்பார், தேய்த்த சட்டை மாதிரி ஒரு சுருக்கம் இருக்காது. அந்த நாற்காலி என்னுடையது. எங்கள் ஊரில் எந்த வீட்டு ஜாஹாவாக இருந்தாலும் பேசுகிற வாய் இந்த வாய்தான். என் பக்கத்து வீட்டுக்காரன் மகனுக்கு முகத்தில் மூக்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது, அவனுக்கே நான் பெண் வாங்கிக் கொடுத்தேன், இந்த மூக்கு மழையை முந்தின வாரமே மோப்பம் பிடித்துவிடும், இதை மருமகனாக எடுத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் கொடியில் துணி நனையாது என்று சொன்னேன், பெண்ணின் தகப்பன் சிரித்துச் சிரித்து இருமி, இருமலுக்கு நடுவில் சம்மதம் சொன்னான். ஊர் முழுக்கப் பேசிய வாய்க்குச் சொந்த மகன் கல்யாணத்தில் பூட்டு. காலையில் என் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே சொன்னான், “யாபா, இன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காதீங்க.” நான் கேட்டேன், “தும்மல் வந்தா?” “யாபா!” “கொட்டாவி?” அவன் சிரிக்கவில்லை. “உஸ்தாத் பேசுவார். நீங்க உட்கார்ந்திருந்தா போதும். ஒரே ஒரு நாள்.” சட்டை தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி உம்மு இயாஸ் தலையைத் தூக்காமலே, “பிள்ளை இத்தனை கெஞ்சறானே, பேசாம இருங்களேன், உங்க வாய்க்கும் ஒரு நாள் லீவு வேணாமா” என்றாள். கழுத்துப்பட்டை இன்னும் இறுக்குகிறது. அவன் வேண்டுமென்றே இறுக்கினான் என்று நினைக்கிறேன், வார்த்தை மேலே வராமலிருக்க. என்னை உட்கார வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள், வரிசையின் கடைசி, உள்வீட்டுக்குப் போகிற நடையின் கதவோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில். பெண்கள் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால்தான், உம்மு இயாஸும் அங்கேதான். கதவு ஒருக்களித்திருக்கிறது. துணி உரசுகிறது, யாரோ யாரையோ உஷ் என்று அடக்குகிறாள், ஒரு வளையல். நல்லது. கூட்டத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் கேட்டிருக்குமா?

உஸ்தாத் இன்னும் எங்கள் பூர்வீகத்தில்தான் இருக்கிறார், எந்த வம்சம், எந்த மலை, எத்தனை தலைமுறை. எதிரே பெண்ணின் பெரியப்பா ஹாஜ் இஸ்ஹாக் தாடியை நீவிக்கொண்டு கேட்கிறார், முகத்தில் ஒரு அசைவு இல்லை. கலீல்காரர்கள் தலையில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும் என்று நாங்கள் கேலி செய்வோம். இவர் தலையைப் பார்த்தால் சுத்தியலும் உடையும். சம்மதமெல்லாம் முன்பே பேசியாயிற்று, இது சடங்குதான் என்கிறார்கள், ஆனால் பெண்ணை வடக்கே கொடுத்தால் பார்க்கப் போக எத்தனை சாவடி தாண்டுவது என்று இந்த மனிதர் நேற்றுவரை முரண்டு பிடித்தாராம், இன்றைக்கு ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தால் கோப்பைகள் நிறைந்தபடியே உள்ளே திரும்பிப் போகும். பெண்ணின் தகப்பன் அபூ முந்திர் பாவம், நல்ல மனிதர், அண்ணன் முன்னால் மூச்சுவிடக்கூட அனுமதி கேட்பார் போலிருக்கிறது. காப்பிமேல் ஆவி குறைகிறது. என் மகன் நில அளவையாளன். முக்காலியை நட்டு, கண்ணாடிக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்து, இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்வரை இவ்வளவு என்று விரல்கடைகூட மாறாமல் எழுதுவான். நானும் அளக்கிறவன்தானே என்று ஒரு தடவை சொன்னேன், அவன் நிலத்தை அளக்கிறான், நான் கதையை. அன்றைக்கு மூன்று வேளையும் என்னோடு பேசவில்லை. பெண் ருபா அவனுடைய அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். போன ஒலிவ அறுவடைக்கு அலுவலகத்துப் பிள்ளைகளோடு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். ஒரு வருஷம் ஒரே மரத்தில் அத்தனை எண்ணெய் இறங்கி, செக்கிலிருந்து வழிந்து தெருவெல்லாம் ஓடி, மேட்டில் ஏறி வந்த ராணுவ ஜீப் வழுக்கி வழுக்கி வந்த வழியே பின்னால் போய் அதன் முகாமுக்குள் தானாகவே நின்றதை அவளுக்குச் சொன்னேன். இயாஸ் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். அவள் உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்புறம்?” என்றாள். அப்புறம்! அந்த ஒரு வார்த்தைக்காக அவளை அப்போதே மருமகளாக எடுத்துக்கொண்டேன், இவன் எடுத்துக்கொள்வதற்கு முன்பே. மகன் பெயரைச் சேர்த்துத்தான் தகப்பனைக் கூப்பிடுவது எங்கள் வழக்கம், அபூ இயாஸ், இயாஸின் அப்பா. கூப்பிடுகிற ஒவ்வொருவரும் அவன் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட வேண்டும். அவன் என்னோடு பேசாத வருஷங்களிலும் ஊர் என்னை அப்படித்தான் கூப்பிட்டது. எனக்கு வேறு பெயர் இருந்தது, அது யாருக்கும் ஞாபகமில்லை, அவன் மட்டும் கையை உதறிக்கொண்டு ரமல்லாவில் வீடு பார்க்கிறான்.

பேசாத வருஷங்கள் என்றேனா. அங்கே போகாதே என்று மனசைப் பிடித்து இழுக்கிறேன், அது எண்ணெய் தெருவில் ஜீப் மாதிரி பின்னால் பின்னால் போகிறது. விடியற்காலையில் ராணுவத்தினர் வந்து அவனைக் கொண்டுபோனார்கள், குற்றமும் சொல்லவில்லை, எப்போது விடுவார்கள் என்றும் சொல்லவில்லை. பார்க்க விடவில்லை. உம்மு இயாஸ் ரொட்டியைப் பிட்டுக் கையில் வைத்துக்கொண்டு, “இப்ப அவன் என்ன சாப்பிட்டிருப்பான்?” என்பாள், அந்த ரொட்டி அவள் கையிலேயே காய்ந்துபோகும். நான் என்ன செய்ய? எனக்குத் தெரியாது என்று சொல்வதா? தெரியாது என்பதைத் தின்று ஒரு பெண் உயிர் வாழ முடியுமா? அதனால் ஒரு குருவியை விட்டேன். புல்புல் குருவி. சிறையின் ஜன்னலில் தினமும் காலையில் வந்து உட்காருகிறது, இயாஸ் அதற்குத் தன்னோடு இருக்கிற பையன்கள் பெயரையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறான், அது பறந்து வந்து நம் அத்தி மரத்தில் உட்கார்ந்து பெயர் பெயராகச் சொல்கிறது, யார் பெயர் கேட்கிறதோ அந்தப் பையன் நலம், இன்றைக்கு இயாஸ் பெயரை இரண்டு தடவை சொன்னது, கேட்கலையா உனக்கு? அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரொட்டியை வாயில் வைத்தாள். வைத்தாள், ஐயா! அதைவிட உண்மை என்ன வேண்டும் உங்களுக்கு? கதை மதில் ஏறிக் குதித்து ஊருக்குள் போனது, மற்ற அம்மாக்கள் காலையில் எங்கள் அத்தி மரத்தடியில் வந்து நின்றார்கள், நானா கூப்பிட்டேன்? அவன் விடுதலையாகி வந்த அன்று பந்தல் போட்டு, ஊரே கூடி, கட்டிப் பிடித்து, எல்லோரும் குருவியைப் பற்றித்தான் கேட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அப்போது உம்மு ரஃபத் வந்தாள், அவள் பையன் இன்னும் உள்ளே இருந்தான், இயாஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “என் பிள்ளை பேரையும் குருவிக்குச் சொல்லிக் குடுத்தியா கண்ணு?” என்றாள். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வை இப்போதும் என் சட்டைக்குள் முள் மாதிரி. “சொன்னேன் அம்மா” என்றான் அவளிடம். பந்தல் பிரித்த பிறகு என்னிடம், “உங்க குருவியை என் வாய்க்குள்ள வெச்சுட்டீங்க யாபா. இனிமே நான் எதைச் சொன்னாலும் அதுதான் கத்தும்” என்றான். அதோடு சரி, வருஷக்கணக்கில் பேச்சு நின்றுபோனது. உள்ளே நடந்ததை இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள், வருத்தப்பட்டுத் தலைகுனிவேன் என்று யாராவது காத்திருந்தால் வேறு வேலை பார்க்கட்டும். மறுபடி அதே காலை வந்து, மறுபடி அவள் கையில் ரொட்டி காய்ந்தால், மறுபடி விடுவேன், இந்தத் தடவை இரண்டு குருவி.

என்ன சத்தம் இது, உஸ்தாத் குரல் ஏன் இப்படி உயர்கிறது? மாப்பிள்ளை புராணத்துக்கு வந்துவிட்டார் போல. படிப்பு, வேலை, ஒழுக்கம், சரி, சரி, “இதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும்” என்கிறார், “இந்த இளைஞர் சிறையில் இருந்தபோது அவருடைய ஜன்னலுக்கு ஒரு புல்புல்...” யா அல்லாஹ். யா ரப்பே. சொல்கிறார்! நான் இல்லை, நான் வாயைத் திறக்கவில்லை, என் வாய் மூடித்தான் இருக்கிறது, கையை வைத்துப் பார்க்கிறேன், மூடியிருக்கிறது. யாரிடமோ ஊரில் விசாரித்திருக்கிறார், மாப்பிள்ளையின் பெருமை எதுவென்று, ஊர் சொல்லியிருக்கிறது. என் வாயைப் பூட்டி, வெளியூர் வாயை வாடகைக்குக் கூட்டிவந்தான் மகன், குருவி அந்த வாய்க்குள்ளும் போய்க் கூடு கட்டியிருக்கிறது! சிரிப்பு வயிற்றில் குமிழி விட்டு மேலே வரும்போதே செத்துப்போகிறது, ஏனென்றால் இயாஸின் முகம் துவைத்த துணி மாதிரி வெளுத்துவிட்டது, அவன் உஸ்தாதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறான், பந்தலில் பார்த்த அதே பார்வை. ஹாஜ் இஸ்ஹாக் தாடியிலிருந்து கையை எடுக்கிறார். “எந்தச் சிறை?” உஸ்தாத் பெயரைச் சொல்கிறார். “அங்க நானும் இருந்திருக்கேன் உஸ்தாத், நீங்க இன்ஸ்பெக்ஷன் போயிட்டிருந்த காலத்துல. அந்தக் கட்டடத்துல ஜன்னலே கிடையாதே. குருவி எங்க உட்கார்ந்துது?” உஸ்தாதின் வாக்கியம் முதல் தடவையாக நடுவில் நிற்கிறது. கதவுக்குப் பின்னால் வளையல்கூட இல்லை. “இல்ல, தெரிஞ்சுக்கத்தான் கேட்கறேன்,” ஹாஜின் குரல் பட்டு மாதிரி இருக்கிறது, உள்ளே கத்தி, “பொண்ணை அவ்வளவு தூரம் அனுப்பறோம். ஜெயிலைப் பத்தியே அளக்கறவன் நாளைக்கு எதைப் பத்திதான் அளக்க மாட்டான்?” சாக்கு கிடைத்துவிட்டது. என் மகன், பொய்யே தெரியாத என் அளவுகோல் மகன், கலீல் நகரத்தில் ஒரு கூடத்தில் எல்லோர் முன்னாலும் பொய்யனாக உட்கார்ந்திருக்கிறான். இந்தக் காப்பி உள்ளே திரும்பிப் போனால் அவன் என் மரணத்துக்குக்கூட வரமாட்டான். வருவான், வந்து ஜனாஸாவைத் தூக்குவான், என்னோடு பேசமாட்டான். பேசு, எதையாவது சொல், ஜன்னலை உண்டாக்கு, உன்னால் முடியும், ஓட்டைக் கூரை, காற்றுக் குழாய், குருவி அதன் வழியாக... வருகிறது, வரிவரியாக வருகிறது, என்ன அழகாக வருகிறது, ஹாஜ் அவர்களே, நீங்கள் இருந்த பழைய பகுதி வேறு, இது புதிய பகுதி... நிறுத்து. நிறுத்து. சொன்னால் ஜெயித்துவிடுவேன். ஜெயித்தால் அவன் வாய்க்குள் இன்னொரு குருவி, பெண்டாட்டி முன்னால், ஆயுசுக்கும். “அபூ இயாஸ்,” ஹாஜ் என் பக்கம் திரும்பிவிட்டார், “நீங்க தகப்பன். நீங்க சொல்லுங்க. ஜன்னல் இருந்துதா, இல்லையா?”

எழுந்து நிற்கிறேன். முட்டி சொடக்குப் போடுகிறது. “இல்லை ஹாஜ்,” என்கிறது என் வாய், “ஜன்னலும் இல்லை, குருவியும் இல்லை. குருவி என்னுது. என் பிள்ளை அதுல ஒரு இறகுகூடச் சேர்க்கலை. அவன் உள்ள இருந்தான். நான் வெளிய இருந்தேன். வெளிய இருக்கறவங்களுக்குத்தான் ஹாஜ் குருவி வேணும்.” “அப்படின்னா பொய்தானே?” என்கிறார் அவர். எனக்குச் சூடு ஏறுகிறது, கழுத்துப்பட்டையை ஒரே இழுப்பில் தளர்த்துகிறேன். “பொய்யா? நீங்க உள்ள இருந்தீங்களே, அப்ப உங்க வீட்டம்மா சாப்பிட்டாங்களா? யார் என்ன சொல்லிச் சாப்பிட வெச்சாங்க? உள்ள போய் அவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் என்னைக் கேளுங்க. கதை வேணாமா, சரி, கதையை நான் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். பையன் கதையில இல்லை, இதோ இங்க உட்கார்ந்திருக்கான், அளவு வேணும்னா அவனையே கேளுங்க, விரல்கடை மாறாது. அவனுக்கு நான் சாட்சி சொல்ல வரலை. அவனுக்கு யாரோட சாட்சியும் வேணாம்.” தொண்டை வறண்டு ஒட்டிக்கொள்கிறது. கை தானாகப் போகிறது. சத்தியமாகத் தானாகத்தான் போனது. கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேசைமேல் வைக்கிறேன், கண்ணாடி மேசை, டங் என்கிறது. ஆறிப்போன கசப்பு அடிநாக்குவரை இறங்குகிறபோதுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிகிறது. உஸ்தாத் கண்ணை மூடிக்கொள்கிறார். “குடிச்சிட்டீரு!” ஹாஜ் இஸ்ஹாக் பாதி எழுந்துவிட்டார், “நாங்க இன்னும் பொண்ணு தரலையே! குடிச்சிட்டீரே ஐயா!” “தரலைன்னா சொல்லுங்க,” என்கிறேன், இனிமேல் எனக்கு என்ன பயம், “கோப்பையைக் கழுவித் தரேன்.”

அப்போதுதான் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கிழக்குரல், ஹாஜின் மனைவி, “சொன்னாங்க! எனக்கும் சொன்னாங்க!” என்கிறது. “நீங்க உள்ள சமையல்காரனுக்கே சமையல் கத்துக் குடுக்கறதா உங்க தம்பிதான் வந்து வந்து சொன்னான். மக்லூபா செஞ்சீங்கன்னான், பட்டை லவங்கம் போட்டீங்கன்னான். முட்டை அவிக்கத் தெரியாத மனுஷன், எனக்குத் தெரியாதா? நான் சாப்பிட்டேன்!” எல்லோரும் அபூ முந்திரைப் பார்க்கிறோம். பெண்ணின் தகப்பன் காதுவரை சிவந்து தன் கால்விரலைப் பார்க்கிறார். ஹாஜ் தம்பியை வெறிக்கிறார், வாய் திறந்து மூடுகிறது, “மக்லூபாவா?” என்கிறார், சோற்றைக் கவிழ்த்துவைக்கிற அந்தச் சட்டியை யாரோ இப்போது அவர் தலையில் கவிழ்த்தது மாதிரி, “என்னையா சொன்னே, மக்லூபான்னு?” அவர் அடுத்த வார்த்தையைத் தேடி எடுப்பதற்குள் குலவை. காது கிழிகிற குலவை, நாக்கு சுழன்று சுழன்று நீளமாக. உள்ளே இருக்கிற பெண்களுக்குக் கோப்பை வைக்கிற சத்தம்தான் அடையாளம், கேட்டால் சம்மதம் என்று பொருள், யாரோ ஒருத்தி தவறாகப் புரிந்துகொண்டுவிட்டாள் போலிருக்கிறது என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள், நினைக்கட்டும். ஒன்று கிளம்பியதும் பின்னால் பத்து கிளம்பிவிட்டது, உம்மு இயாஸின் குரலும் அதில் இருக்கிறது, எனக்குத் தெரியாதா. தெருவில் யாரோ கைதட்டுகிறார்கள். மேல்மாடியில் ஜன்னல்கள் திறக்கின்றன. இனி இந்தக் குலவையை யார் திரும்ப உள்ளே தள்ளுவது? “ஃபாத்திஹா!” என்று கத்துகிறார் அபூ முந்திர், ஆயுளில் முதல் தடவையாக அண்ணனைக் கேட்காமல், அதை ஓதிவிட்டால் சம்மதம் உறுதி, நாங்கள் எல்லோரும் உள்ளங்கையை விரித்துவிட்டோம், ஹாஜும் விரிக்கிறார், வேறு வழி. ஓதி முடித்து முகத்தில் தடவியதும் அவர் ஆறிய காப்பியை எடுத்து என்னை முறைத்துக்கொண்டே குடிக்கிறார். கட்டிப் பிடித்தல், முத்தம், முபாரக், முபாரக். மாப்பிள்ளை முதலில் தகப்பன் கையை முத்தமிட வேண்டும், வருகிறான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறான், முகத்தில் சிரிப்பு இல்லை, மன்னிப்பும் இல்லை, என்ன இருக்கிறதென்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக் குனிகிறான், உதடு என் புறங்கையில் பட்டும் படாமலும், அங்கேயே நின்று, என் காதுக்கு மட்டும் கேட்கிறபடி, அந்த ஜன்னலில்லாத இடத்தில் தான் காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன கேட்கும் என்பதைச் சொல்கிறான். ஒரே வாக்கியம். அலங்காரம் எதுவும் இல்லாத, அளந்து எடுத்த வாக்கியம். நிமிர்ந்து அடுத்தவர் கையைப் பிடிக்கப் போய்விட்டான்.

அது என்ன என்றா கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேன். அப்புறம், அப்புறம் என்று எத்தனை நச்சரித்தாலும் சரி, அது என்னிடமே இருக்கட்டும், அதற்கு நான் ஒரு இறகுகூட ஒட்டப்போவதில்லை. முகம் வாடாதீர்கள், உங்களை வெறுங்கையோடு அனுப்புவேனா, வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: கதவோரத்தில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான், அந்த இடுக்கு வழியாக முதல் குலவை போட்டது யாரென்று பார்த்தவனும் நான் ஒருவன்தான். உதட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, தவறாகப் புரிந்துகொண்டெல்லாம் இல்லை, நன்றாகத் தெரிந்தே, தன்னைப் பெண் கேட்டு வந்த சபைக்குத் தானே குலவை போட்டது கல்யாணப் பெண் ருபாதான். வெளியே தெரிந்தால் கலீல் நகரம் முழுக்க அவள் பெரியப்பாவின் தாடியைப் பிடித்துச் சிரிக்கும். அதனால் சொல்கிறேன், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் யார் சொன்னது என்று கேட்டால், ஒரு குருவி சொன்னது என்று சொல்லிவிடுங்கள், என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள், அது என் மகனுடைய பெயர்.